நம்பியார் சாரின் கணக்கு

கடந்த ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு காலை, பொள்ளாச்சிப் பேருந்து நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்றின் முன்னால் நின்றுவிட்டேன். படத்திலிருந்தது எனக்கு மிக நன்றாகத் தெரிந்த முகம். கீழே அச்சிட்டிருந்த பெயரைத்தான் நான் அன்றுவரை கேள்விப்பட்டதே இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் எனக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஐந்து ஆண்டுகள், விடியற்காலையிலும் பள்ளி விட்ட பிறகும், அவர் கண் முன்னால்தான் ஓடினேன். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் ஓடுவதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் பேசி, முழங்கால் வரை நீண்ட கால்சட்டை ஒன்றைத் தைக்க வைத்தவரும் அவர்தான். ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் அவர் 'பி.டி. சார்'. கணக்கு ஆசிரியரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டோம். தமிழ் ஐயாவின் பெயரும் சொந்த ஊரும் தெரியும். தலைமையாசிரியரின் பெயர் முன்னெழுத்துகளோடும் பட்டங்களோடும் பலகையில் எழுதியிருந்தது. இவருக்கு மட்டும் பார்த்த வேலையே பெயராகிவிட்டது. அவர் இறந்த செய்தியோடு சேர்ந்துதான் அவருடைய பெயர் என்னிடம் வந்தது.

அதைவிட என்னை வருத்தியது வேறொன்று. கேரளத்தில் வாழ்ந்த ஒரு பயிற்சியாளரின் பெயர் எனக்குப் பதினான்கு வயதிலேயே தெரியும். அதைச் சொல்லிக்கொடுத்தவர் இதே பி.டி. சார். 1986-ஆம் ஆண்டு, காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருந்த நேரம். சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் அப்போதுதான் நிறைவடைந்திருந்தன. இந்தியாவுக்கு அங்கே கிடைத்த தங்கம் மொத்தமே ஐந்து. மல்யுத்தத்தில் கர்த்தார் சிங் வென்ற ஒன்று போக, மற்ற நான்கும் பி.டி. உஷா ஓடியதால் வந்தவை. காலை வழிபாட்டில் தலைமையாசிரியர் உஷாவைப் பற்றி நெடுநேரம் பேசினார். அவர் முடித்ததும், யாரும் அழைக்காமலேயே பி.டி. சார் முன்னால் வந்தார். "ஓடுனது உஷா. ஓட வெச்சது நம்பியார்னு ஒருத்தரு. அவரு பேரையும் ஞாபகம் வெச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடி வரிசையின் ஓரத்தில் போய் நின்றுகொண்டார். நான் நம்பியாரின் பெயரை நினைவில் வைத்துக்கொண்டேன். அதைச் சொன்னவரின் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

சுவரொட்டியைப் பார்த்த நாளிலிருந்து மனம் இந்த இரண்டு பேரையுமே சுற்றிக்கொண்டிருந்தது. நம்பியாரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் மீண்டும் படித்தேன். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் உஷா மயிரிழையில் பதக்கத்தைத் தவறவிட்ட ஓட்டத்தின் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஓர் எண்ணம் உறுதிப்பட்டது. உஷாவை நாம் அவர் தவறவிட்ட நொடியின் நூற்றில் ஒரு பங்கைக் கொண்டே நினைவில் வைத்திருக்கிறோம். அப்படி நினைவு கூரும்போது, பயிற்சியாளர் அந்தக் கதையில் கண்ணீர் விடுவதற்காக மட்டுமே வருகிறார். நம்பியாரின் உண்மையான வேலையோ அந்தக் கணத்துக்கு முன்னாலும் பின்னாலும் கிடக்கிறது.

நான்கு விரற்கடை

1984 ஆகஸ்ட் 8. பெண்களுக்கான 400 மீட்டர் தடையோட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்ற ஆண்டு அது. மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில் 54.61 நொடி, அமெரிக்காவின் ஜூடி பிரவுன் 55.20, ருமேனியாவின் கிறிஸ்தியானா கொஜொகாரு 55.41, உஷா 55.42. இந்தக் கடைசி இரண்டு எண்களை என் தலைமுறையினர் உறக்கத்திலும் சொல்வார்கள். அந்த வேகத்தில் நொடியின் நூற்றில் ஒரு பங்கு என்பது ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர். கட்டை விரலை மடக்கிவிட்டு மற்ற நான்கு விரல்களையும் சேர்த்து வைத்தால் வரும் அகலம். தலையும் கையும் காலும் கோட்டைத் தாண்டுவது கணக்கில் வராது, உடற்பகுதி தாண்ட வேண்டும் என்பது தடகள விதி. உஷா கடைசி அடியில் மார்பை முன்தள்ளிச் சாய்ந்திருந்தால் பதக்கம் கிடைத்திருக்கும் என்ற பேச்சு அன்றே தொடங்கியது. வேறொரு வீராங்கனை முந்திக் கிளம்பியதால் முதல் தொடக்கம் ரத்தானதும், மறுதொடக்கத்தில் உஷா சற்றுத் தாமதமாகப் புறப்பட்டதும் அதோடு சேர்ந்துகொண்டன. ஒலிம்பிக் கிராமத்து உணவு ஒத்துவராமல், ஊரிலிருந்து கொண்டுபோன ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு அரிசிக் கஞ்சி குடித்தே ஓடியதாகவும், கடைசி 35 மீட்டரில் உடலில் வலு இல்லாமல் போனதாகவும் உஷாவே பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். அந்த ஊறுகாய் கேரளத்தார் கடுமாங்கா என்று சொல்வது; நம் மாவடுவுக்கு நெருங்கிய உறவு. அந்தக் கஞ்சியையும் மாங்காயையும் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு நாடு தன் மிகச் சிறந்த ஓட்டக்காரியை உலகத்தின் மறுகோடிக்கு அனுப்பி, அவர் வயிற்றுக்கு ஒத்த உணவுக்கு வழி செய்யாமல் விட்டது.

ஆனால் பதிவை முழுதாகப் பார்க்கும்போது வேறு சிலரும் கண்ணில் படுகிறார்கள். உஷாவுக்கு அடுத்து வந்தவர் சுவீடனின் ஆன்-லூயிஸ் ஸ்கோக்லுண்ட், நேரம் 55.43. அவர் 1982-இல் ஐரோப்பியச் சாம்பியன். அதாவது உஷா எவ்வளவு தூரத்தில் பதக்கத்தை இழந்தாரோ அதே தூரத்தில் ஐரோப்பியச் சாம்பியனை வென்றிருக்கிறார். முன்னால் இருந்த நான்கு விரற்கடையை நாற்பது ஆண்டுகளாகப் பேசும் நாம், பின்னால் இருந்த நான்கு விரற்கடையை ஒரு முறையும் பேசியதில்லை. சோவியத் ஒன்றியத்தின் புறக்கணிப்பை மீறி, வார்சா ஒப்பந்த நாடுகளில் ருமேனியா மட்டுமே அந்த ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்தது என்பதும், வெண்கலத்தை எடுத்தது ஒரு ருமேனியப் பெண் என்பதும் சிலர் வருத்தத்தோடு நினைவுகூரும் செய்தி. எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. புறக்கணிப்பு இல்லாமல் சோவியத், கிழக்கு ஜெர்மனி வீராங்கனைகள் வந்திருந்தால் கணக்கு வேறு திசையில் போயிருக்கும். ஓடியவர்களோடு ஓடிய ஓட்டத்தைத்தான் பேச முடியும்.

தங்கம் வென்ற நவாலின் பக்கமும் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். அவர் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தபடியே பயிற்சி பெற்றவர். மொராக்கோ மன்னர் இரண்டாம் ஹசன், அன்று பிறக்கும் பெண் குழந்தைகளுக்கு நவால் என்று பெயரிடச் சொன்னதாக எல்லா இடத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்களான ரான் ரென்கோவும் பேட் மொய்னிஹனும் 1985 நவம்பர் 25 அன்று, தங்கள் பெண்கள் அணியோடு ஒரு போட்டியிலிருந்து திரும்பும் வழியில் சிறு விமானம் நொறுங்கி இறந்துபோனார்கள். ஒலிம்பிக் முடிந்து பதினாறு மாதங்கள்கூட ஆகவில்லை. நவாலின் பெயரை ஒரு நாடே குழந்தைகளுக்குச் சூட்டியது. இந்த இரண்டு பெயர்களையும் நான் ஐம்பது வயதைக் கடந்து, தேடிப் படித்தபோதுதான் அறிந்தேன்.

தடைகளின் பக்கம் திரும்பியது

ஒதயோத்து மாதவன் நம்பியார் 1932-இல் பிறந்தவர். வடகரைக்குப் பக்கத்து மணியூர்க்காரர். விமானப்படையில் பணியாற்றியபோது தானே ஓட்டக்காரராக இருந்தார். பிறகு பட்டியாலாவில் பயிற்சியாளர் படிப்பை முடித்து, கண்ணூரில் பெண் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட விளையாட்டுப் பிரிவுக்கு வந்தார். அங்கே சேர்ந்த சிறுமிகளில் ஒருவர் பய்யோலி உஷா. உஷாவிடம் முதலில் தன் கண்ணில் பட்டவை ஒல்லியான உடம்பும் விரைவான நடையும்தான் என்று நம்பியார் பிற்காலத்தில் ஒரு பேட்டியில் சொன்னார். அதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று எங்கள் பள்ளி வாசல் நினைவுக்கு வந்தது. பி.டி. சாரும் காலையில் அங்கேதான் நிற்பார். தாமதமாக வருகிறவர்களைப் பிடிக்க நிற்கிறார் என்று நினைத்திருந்தோம். நாங்கள் நடக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "உம்பட குதிகால் தரையில படறதே இல்லெ அம்மணி, நாளைக்கு வெடிய கிரவுண்டுக்கு வந்துரு" என்று அவர் என்னை அழைத்தது, நான் ஓடியதை ஒரு நாளும் பார்க்காமல், பள்ளிக்கு நடந்து வந்ததைப் பார்த்துத்தான். ஓட்டத்தை யாரும் பார்க்கலாம், நேரத்தைக் கடிகாரம் சொல்லிவிடும். நடையில் ஓட்டத்தைப் பார்ப்பதற்குத்தான் பயிற்சியாளரின் கண் வேண்டும்.

நான் நீண்ட நேரம் நின்று யோசித்த இடம் 1984-ஆம் ஆண்டின் முற்பகுதி. உஷா அதுவரை விரைவோட்டக்காரி. 1982 தில்லி ஆசியப் போட்டிகளில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வென்றவர். நாடு அவரை அந்த ஓட்டங்களோடுதான் சேர்த்து அறிந்திருந்தது. ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களே இருக்கும்போது, அவரைத் தடையோட்டத்தின் பக்கம் திருப்ப நம்பியார் முடிவெடுத்தார். இன்று திரும்பிப் பார்த்தால் எளிதாகத் தோன்றலாம். அன்று எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆசியாவின் தடையோட்டத் தங்கம் நம்மிடமே, இன்னொரு கேரளப் பெண்ணான எம்.டி. வல்சம்மாவிடம் இருந்தது, தில்லியில் 58.47 நொடியில் வென்று அவர் ஆசியச் சாதனை படைத்திருந்தார். உஷா இந்த ஓட்டத்துக்குப் புதியவர். பயிற்சிக் களம் பெரும்பாலும் மண் மைதானமும் பய்யோலிக் கடற்கரை மணலும். முடிவு பிசகியிருந்தால், கைக்குப் பழகிய ஓட்டத்தை விட்டுவிட்டுப் பெண்ணின் வாய்ப்பைக் கெடுத்தவர் என்ற பழி வாழ்நாள் முழுவதும் நம்பியாரின் மேல்தான் விழுந்திருக்கும்.

அவருடைய கணக்கு சரியா என்று நானே போட்டுப் பார்த்தேன். லாஸ் ஏஞ்சலிஸில் பெண்கள் 100 மீட்டரை ஈவ்லின் ஆஷ்ஃபோர்டு 10.97 நொடியில் வென்றார். தடைகள் இல்லாத 400 மீட்டரை வலேரி பிரிஸ்கோ-ஹூக்ஸ் 48.83 நொடியில் வென்றார். உஷா தன் வாழ்நாளில் ஓடிய மிகச் சிறந்த 400 மீட்டரே 51 நொடிக்கு மேல்தான். அதுவும் மறு ஆண்டில் ஓடியது. தடையில்லாத ஓட்டத்தில் தங்கத்துக்கும் அவருக்கும் நடுவே இரண்டரை நொடிக்கும் அதிகமான தொலைவு. அதே 400 மீட்டரில் பத்துத் தடைகளை நட்டு வைத்ததும் அந்தத் தொலைவு 0.81 நொடியாகச் சுருங்கிவிட்டது. ஒலிம்பிக்குக்குப் புதிதாக வரும் ஓட்டத்தில், பல நாட்டவரும் இன்னும் தேறிக்கொண்டிருக்கும் ஓட்டத்தில், ஒரு மெல்லிய கதவு திறந்திருப்பதை நம்பியார் கண்டார். வேகம் மட்டும் இருப்பவர்களுக்கும் வலு மட்டும் இருப்பவர்களுக்கும் அந்தக் கதவு போதாது. இரண்டும் ஓரளவு இருந்து, காலடியை எண்ணும் ஒழுங்கும் இருப்பவருக்குப் போதும். கண்ணூரிலிருந்து அதைக் கண்டார் என்பதுதான் என்னை இன்றும் அசைக்கிறது.

காலடியை எண்ணுவது என்றால் என்ன என்பதை ஓடிப் பார்த்தவர்கள் அறிவார்கள். தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 45 மீட்டர். பிறகு ஒவ்வொரு தடைக்கும் நடுவே 35 மீட்டர். பத்தாவது தடையிலிருந்து முடிவுக் கோட்டுக்கு 40 மீட்டர். பெண்களுக்குத் தடையின் உயரம் 76.2 சென்டிமீட்டர். இடைவெளியில் வைக்கும் அடிகள் ஒற்றைப்படையாக இருந்தால் எப்போதும் ஒரே கால் முன்னால் போகும். இரட்டைப்படையாகிவிட்டால் அடுத்த தடையில் மற்றக் கால் முன்னால் வந்து நிற்கும். களைப்பு ஏற ஏற அடி குட்டையாகும். பதினைந்தோ பதினேழோ என்று வகுத்து வைத்த எண்ணிக்கை ஆறாவது ஏழாவது தடையில் குலையும். அங்கே இடதும் வலதும் ஒன்றுபோல் பழகியிருக்க வேண்டும், அல்லது தடைக்கு முன்னால் தடுமாறி நேரத்தைக் கொடுக்க வேண்டும். எங்கள் பள்ளியில் தடைச் சட்டங்கள் கிடையாது. பொள்ளாச்சிப் பக்கம் எதற்குப் பஞ்சம் வந்தாலும் தென்னைக்குப் பஞ்சம் வராது. பி.டி. சார் காய்ந்த தென்னை மட்டைகளின் ஓலையைக் கழித்துவிட்டு, செங்கல் அடுக்குகளின் மேல் படுக்க வைத்துச் சுண்ணாம்பு பூசினார். தட்டினால் உருண்டு விழும், காலில் அடிபடாது. உயரம் தாண்டிக் குதிக்கும் இடத்தில், கயிற்று ஆலைகளில் சும்மா கொட்டிக் கிடந்த நார்க்கழிவை வண்டியில் கொண்டுவந்து நிரப்பினார். வாரம் ஒரு நாள் அந்த நார்க்கழிவுக் குவியலிலேயே எங்களை முழங்கால் புதைய ஓட வைத்தார். அவர் நம்பியாரைப் பார்த்ததில்லை. பய்யோலி மணலைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருந்தார், கையில் இருந்ததைக் கொண்டு அதைச் செய்தார்.

தில்லியில் நடந்த ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் உஷா, ஆசியச் சாம்பியன் வல்சம்மாவை வென்று தகுதி பெற்றார். லாஸ் ஏஞ்சலிஸ் போட்டிகளுக்கு முன்னோட்டமாக நடந்த ஓர் ஓட்டத்தில் ஜூடி பிரவுனையே முந்தினார். ஒலிம்பிக் அரையிறுதியில் 55.54 நொடியில் முதலாவதாக வந்தார். அது காமன்வெல்த் சாதனை. இறுதி ஓட்டத்துக்குப் போகும்போதே நம்பியாரின் கணக்கு மெய்யாகிவிட்டது என்று நான் சொல்வேன். பதக்கம் கிடைத்திருந்தால் இந்தக் கணக்கைப் பாராட்டிப் புத்தகம் எழுதியிருப்பார்கள். ஏழு சென்டிமீட்டர் குறைந்ததால் விதி என்று பேசி முடித்துவிட்டார்கள்.

தோல்விக்கு மறுநாள்

உஷாவுக்கு ஒலிம்பிக் பதக்கம் என்பது தன் வாழ்வின் பெருங்கனவாக இருந்தது என்றும், அன்று தாங்க முடியாமல் அழுததாகவும் நம்பியார் சொன்னதுண்டு. அவர் மறைந்தபோது வந்த செய்திகளிலும் அந்த அழுகை இருந்தது. அந்தக் கண்ணீரை நான் மதிக்கிறேன். ஆனால் அழுது முடித்த மறுநாள் அவர் என்ன செய்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இருபது வயதுப் பெண், ஒரு நாடு முழுவதும் 'ஐயோ' என்று பார்க்கும் பெண், ஊர் திரும்பியிருக்கிறார். அங்கேயே உடைந்து போயிருக்கலாம். பதின்மூன்று மாதங்கள் கழித்து, 1985 செப்டம்பரில் ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டிகளில் அதே உஷா 100, 200, 400 மீட்டர், 400 மீட்டர் தடை, 4x400 தொடரோட்டம் என்று ஐந்து தங்கமும், 4x100 தொடரோட்டத்தில் ஒரு வெண்கலமும் வென்றார். மறு ஆண்டு சியோலில் நான்கு தங்கம், ஒரு வெள்ளி. 100 மீட்டர் ஓட்டக்காரியின் உடலையும் தடையோட்டக்காரியின் உடலையும் ஒரே பெண்ணிடம் ஒரே வாரத்துக்காகத் தயார் செய்து நிறுத்துவது எத்தனை கடினம் என்பதை இன்றைய பயிற்சியாளர்களைக் கேட்டால் சொல்வார்கள். சுற்றுகளும் அரையிறுதிகளும் இறுதிகளுமாக ஒரு நாளில் இரண்டு முறை, மூன்று முறை ஓட வேண்டியிருக்கும். எந்தச் சுற்றில் முழு வேகம், எங்கே அடக்கி ஓடுவது, எவ்வளவு நேரம் படுத்திருப்பது என்று ஒருவர் கூடவே இருந்து கணக்குப் போட வேண்டும். உஷாவின் கால்களுக்குப் பின்னால் அந்தக் கணக்கு இருந்தது.

பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985-இல் தொடங்கப்பட்டபோது முதன்முதலாகப் பெற்றவர்களில் நம்பியார் ஒருவர். குத்துச்சண்டைக்கு ஓம் பிரகாஷ் பரத்வாஜும் மல்யுத்தத்துக்கு பாலச்சந்திர பாஸ்கர் பாகவத்தும் அவரோடு பெற்றார்கள். அதே 1985-இல் உஷாவுக்கு பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. நம்பியாருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது 2021 ஜனவரியில். முப்பத்தாறு ஆண்டு இடைவெளி. அப்போது அவருக்கு வயது எண்பத்தெட்டைத் தாண்டிவிட்டது, உடல் தளர்ந்திருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 19-ஆம் நாள் காலமானார். அவ்வாண்டுக்கான பத்ம விருதுகளை தில்லியில் வழங்கும் விழா நவம்பரில்தான் நடந்தது. வல்சம்மாவைப் பாலக்காட்டில் உருவாக்கிய ஏ.கே. குட்டிக்குத் துரோணாச்சாரியார் விருது 2010-இல் கிடைத்தது. வல்சம்மா தில்லியில் தங்கம் வென்று இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து. பாலக்காடு எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவு. நான் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அந்த மனிதர் அங்கே இருந்தார் என்பதுகூட எனக்குத் தெரியாது.

விருதுகளைப் பெரிதாக எண்ணி இதைச் சொல்லவில்லை. வெற்றி நடந்த சூட்டிலேயே வீராங்கனையின் கழுத்தில் மாலை விழுகிறது, விழவேண்டும். பயிற்சியாளருக்கோ, முதுமையில் யாராவது நினைவூட்டி, கோப்பு நகர்ந்து, ஒரு கடிதமாக அது வருகிறது. அதற்குள் அவர் எடுத்த முடிவுகளைப் பற்றி அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் காலம் போய்விடுகிறது. 1984-இல் நம்பியார் எத்தனை அடிகளை வகுத்துக் கொடுத்தார், எந்தத் தடையில் காலை மாற்றச் சொன்னார், யோசனை முதலில் எந்த நாளில் மனதில் தோன்றியது என்பதை விரிவாகக் கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டிய பேட்டிகளில், பெரும்பாலும் அந்த நூற்றில் ஒரு பங்கைப் பற்றியே அவரிடம் கேட்டார்கள். அவரும் பொறுமையாக, ஒவ்வொரு முறையும் பதில் சொன்னார்.

2023 அக்டோபர் 2 அன்று, சீனாவின் ஹாங்சோ ஆசியப் போட்டிகளில் கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடையோட்டத்தின் முதல் சுற்றில் ஓடி முடித்தார். கைப்பேசித் திரையில் நேரம் வந்தது: 55.42. நூற்றில் ஒரு பங்கும் கூடவுமில்லை, குறையவுமில்லை. முப்பத்தொன்பது ஆண்டுகளாக இந்தியாவில் எந்தப் பெண்ணும் தொடாத தேசியச் சாதனையை எங்கள் பக்கத்துப் பெண் அதே எண்ணில் தொட்டு நின்றார். அடுக்களையில் நின்றபடி நான் சத்தம் போட்டதில் மருமகள் ஓடி வந்துவிட்டாள். மறுநாள் இறுதி ஓட்டத்தில் வித்யா 55.68 நொடியில் வெண்கலம் வென்றார். உஷாவுக்குப் பதக்கம் தராத நேரத்தைவிட மெதுவான நேரம்தான். ஆனால் ஓட்டம் ஒவ்வொன்றும் அதனதன் கணக்கு. வித்யாவின் பயிற்சியாளர் பெயர் நேஹ்பால் சிங் ராத்தோர். இந்த முறை அன்றைக்கே தேடிப் படித்து வைத்துக்கொண்டேன். மருமகளிடம் முதலில் உஷாவின் கதையையும், பிறகு நம்பியாரின் கதையையும் சொன்னேன். "உங்களுக்கு யாருங்க அத்தை சொல்லிக்கொடுத்தாங்க?" என்று அவள் கேட்டபோது, "பி.டி. சார்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

சுவரொட்டியில் கருமாதி நாளும் முகவரியும் இருந்தன. நான் அன்றைக்குப் போகவில்லை, கூட்டம் குறைந்து பத்து நாள் கழித்துப் போனேன். சாரின் மனைவிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தென்னை மட்டை என்று சொன்னதும் தெரிந்துவிட்டது. "அவரு நோட்டெல்லாம் அப்பிடியே கெடக்குது கண்ணு. எடைக்குப் போடச் சொன்னாங்க, எனக்குத்தான் மனசு வரலெ" என்று உள்ளறையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்தார். பழுப்புத் தாளில் அட்டை போட்ட கோடு போட்ட நோட்டுகள், ஆண்டு வாரியாகக் கட்டி வைத்தவை. ஒவ்வொரு பக்கத்திலும் பிள்ளைகளின் பெயர், முன்னெழுத்து, தகப்பனார் பெயர், ஊர், தேதி, நேரம். ஒருவரையும் வெறும் பெயரோடு விட்டிருக்கவில்லை. 1986-ஆம் ஆண்டு நோட்டின் உள்ளட்டையில் 45, 35, 40 என்று எழுதி ஓடுபாதை ஒன்று வரைந்திருந்தார். பக்கத்தில், செய்தித்தாளில் உஷாவின் படத்துக்குக் கீழே வந்திருந்த நாலு வரி ஒட்டப்பட்டு, அதில் நம்பியார் என்ற சொல்லின் அடியில் நீல மையால் கோடு இழுத்திருந்தது.

என் பெயரை 1987 பிப்ரவரிப் பக்கங்களில் கண்டேன். பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு நெருங்கியதால் அந்த மாதக் கடைசியில் வீட்டில் என்னை நிறுத்திவிட்டார்கள். மேல்நிலைக்கு வேறு ஊர்ப் பள்ளிக்குப் போனேன், பிறகு ஓடவில்லை. கடைசியாக நான் மைதானத்துக்குப் போன நாளுக்கு நேராக நேரம் எழுதியிருந்தது. அதன் கீழே, பென்சிலில், சற்றுச் சாய்ந்த எழுத்தில்: "ஏழாவது தடைக்கு மேல் கால் மாறுது. இடது பழகலை. நாளைக்குப் பார்க்கணும்."